கதவு உள்ளேயிருந்தும் திறக்கணும், பாப்பா

மரக்காணம்
14.9.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிண்ணே, சரிண்ணே" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு இதைக் காருக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொள். மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை வரும்போது அவரும் படிக்கட்டும்.

கார் வேலை முடிந்துவிட்டது. நாலு கதவுக்கும் சென்டர் லாக் போட்டாயிற்று. ரிமோட்டை அமுக்கினால் நாலும் ஒரே சத்தத்தில் விழுகிறது. அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே அமுக்கி அமுக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். ஆனால் நீ இதோடு சேர்த்துக் கேட்ட மற்ற இரண்டையும் நான் செய்யவில்லை. பின்கதவுகளின் உள் லாக்கைக் கழற்றவும் இல்லை, வண்டி கிளம்பினால் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைக்கவும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். கோபப்படாமல் முழுசாகப் படி.

அன்றைக்கு ராத்திரி சிக்னலில் நின்றபோது எவனோ பின்கதவைத் திறந்து பையை எடுக்கப் பார்த்தான் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. பைக்குப் பக்கத்தில் சின்னக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள் என்றாயே, அந்த இடத்துக்கு வந்தால் என் மனசு அதற்கு மேல் போகமாட்டேன் என்கிறது. நைட் டியூட்டியை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீட்டுக் கடன் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? பூட்டு வேண்டும் என்று நீ கேட்டது நியாயம்தான். ஆனால் வெளியே நிற்கிறவனைத் தடுக்கிற பூட்டு, உள்ளே இருக்கிற குழந்தையையும் சேர்த்துத் தடுத்துவிடக் கூடாது. நான் செய்தது, செய்யாதது எல்லாம் இந்த ஒரு யோசனையில்தான்.

வண்டி வந்ததும் நான் உடனே லாக் மோட்டாரை எடுத்து மாட்டிவிடவில்லை. கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியை விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் வெளியே வந்துவிடும். டோர் பேடு உடையாமல் கழன்றுவிடும். கழற்றிய பிறகு ஒவ்வொரு கதவின் லாக்கையும் விரலால் நகர்த்திப் பார்த்தேன். முன்கதவு இரண்டும் பரவாயில்லை. பின்பக்கம் இடது கதவு துருவேறி இறுகிக் கிடந்தது. உனக்கு விற்றவரோ அவருக்கு முன்னால் வைத்திருந்தவரோ, யாரோ கடலோரத்தில் வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்கள். அந்த மோட்டார் சின்னது, பாப்பா. ஒரு கம்பியை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் தள்ளும், அவ்வளவுதான் அதன் பலம். விரலுக்கு நகராத லாக்கு அதற்கும் நகராது. தள்ளித் தள்ளிப் பார்த்துக் கெட்டுப்போகும். உங்கள் பக்கத்துக் கடையில் இரண்டு மணி நேரத்தில் போட்டுத் தருகிறேன் என்றார்களாமே, அவர்கள் இதைப் பார்ப்பார்களா? மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பிரஷ்ஷால் துருவை எடுத்து, துடைத்து, கிரீஸ் வைத்து, விரல் பட்டாலே நகர்கிற பதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மோட்டாரைத் தொட்டேன். நேரமெல்லாம் அதற்குத்தான் போனது.

கதவின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. கதவுக்குள் மழைத்தண்ணீர் போகாது என்று நீ நினைத்திருப்பாய். போகும். கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்கி, அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். உன் காரில் அந்தத் துளைகளை மண் அடைத்துக் கிடந்தது. கம்பியால் குத்திவிட்டதும் அழுக்குத் தண்ணீர் ஒழுகியது. அதை அப்படியே விட்டு மோட்டார் போட்டிருந்தால், இந்த மழைக்காலத்தோடு அதன் ஆயுள் முடிந்திருக்கும். டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அவசரமாக வேலை செய்கிறவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். நான் அதைப் பத்திரமாக எடுத்துத் திரும்ப ஒட்டியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் தண்ணீர் டோர் பேடில் ஊறி, கால்மிதி வரைக்கும் வரும். "கார் நாறுதுண்ணே" என்று பிறகு நீதான் போன் பண்ணுவாய்.

வயர் வேலையில் எவ்வளவு மெனக்கெட்டேன் என்பதை நம் ஊர்க்காரியான உனக்கு விளக்க வேண்டியதில்லை. மழையே பெய்யாத ராத்திரியில் உப்பு மூட்டை கசிந்து தரை ஈரமாவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நீ. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடலோரத்தில் ராத்திரிக்கு ராத்திரி அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் ஒரு வயர் முறுக்கில் உட்கார்ந்தால் விடியற்காலையில் அது உப்புத்தண்ணீர். அதில் கரண்ட் கசியும், செம்பு பச்சை பூத்து இற்றுவிடும். என் கடைக்கு வருவதில் பாதி உப்பு லாரிதான். பின்விளக்கு வயரைத் தொட்டால் கையோடு உதிர்ந்து வரும். நீ இருக்கிற வேளச்சேரியும் கடலுக்கு ரொம்பத் தூரமில்லை. அதனால் உன் காரில் ஓரிடத்தில்கூட வயரை முறுக்கி டேப் சுற்றி விடவில்லை. எல்லாம் அழுத்திப் பிணைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி மூடியிருக்கிறேன். கதவிலிருந்து பாடிக்குள் நுழைகிற இடத்தில் துளை போட்டதும் விளிம்புக்கு ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு ரப்பர் வளையம் மாட்டி, அதற்குள்தான் வயரை விட்டிருக்கிறேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடம் மடங்கும், ஆகவே கொஞ்சம் தொய்வு விட்டிருக்கிறேன். அது கீழ்நோக்கி வளைந்து தொங்குவதைப் பார்த்து, அசிங்கமாக இருக்கிறது என்று யாரையும் விட்டு இழுத்துக் கட்டிவிடாதே. தண்ணீர் வயரோடு உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டிப் போவதற்குத்தான் அந்த வளைவு.

கரண்டை நேராக பேட்டரியிலிருந்து எடுத்து, பக்கத்திலேயே சென்டர் லாக் கிட்டோடு வந்த ஃபியூஸைப் போட்டிருக்கிறேன். பாட்டுப் பெட்டி வயரில் ஒட்டுப்போடவில்லை. ஃபியூஸ் ஒருநாள் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். எவனாவது வெள்ளிக் காகிதம் சுற்றித் தருகிறேன் என்றால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஓடும்போது பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது, அதனால் பின்கதவுகளின் உள் லாக்குக் கம்பியைக் கழற்றிவிடச் சொன்னாய். யாரோ வேலை தெரியாதவர்கள் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதற்குத்தான் கதவின் ஓரத்திலேயே கம்பெனிக்காரன் சைல்டு லாக் வைத்திருக்கிறான். பின்கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்ன நெம்பு தெரியும். அதைத் தள்ளிவிட்டால் உள் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. பூட்டாமல் இருந்தால் வெளியிலிருந்து திறக்கலாம். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்தால் அதைப் போட்டுக்கொள், போதும். உள் லாக்கைக் கழற்றினால், வயர் செத்த அன்று அந்தக் கதவைக் கையால் திறக்க வழியே இருக்காது. அந்த மாதிரி வண்டியில் என் மருமகனையும் மருமகளையும் நான் ஏற்றமாட்டேன்.

2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடிப் பக்கம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? விளையாடப் போன மூன்று குழந்தைகள் நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி, வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு யார் வீட்டு வாசலில் கார் நின்றாலும் பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது அம்மாவுக்குப் பழக்கமாகிவிட்டது. வெளியே 35 டிகிரி வெயில் என்றால், கண்ணாடி ஏற்றிய காருக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டும். பெரியவர்களுக்கே தாங்காது, அந்தச் சின்ன உடம்பு என்ன செய்யும்? அதனால் கார் வீட்டு வாசலில் நின்றாலும் பூட்டியே இருக்கட்டும். ரிமோட்டை ஃபிரிட்ஜ் மேல் வைக்காதே. பெரியவன் நாற்காலி போட்டு எடுப்பான். ஆணி அடித்து உயரத்தில் மாட்டு. "ரெண்டு நிமிஷம், பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இறங்கவே கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இதை மனதில் வைத்துத்தான் முன்கதவு இரண்டுக்கும் ஐந்து வயர் மோட்டார் போட்டேன். டிரைவர் கதவுக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் இரண்டு வயர் மோட்டாரைப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டு வயர் மோட்டார் சொன்னதைச் செய்யும், தானாக எதையும் சொல்லாது. ஐந்து வயர் மோட்டாருக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கையால் அந்த லாக்கை எடுத்தால் மற்ற கதவுகளுக்கும் தகவல் போகும். இப்போது இடதுபக்க முன்சீட்டில் அம்மா உட்கார்ந்து லாக்கை எடுத்தாலும் நாலும் திறக்கும். பேட்டரியே செத்திருந்தாலும் அந்த ஒரு கதவாவது கைக்குத் திறக்கும். முன்கதவில் சைல்டு லாக் கிடையாது. எனவே பின்னால் மாட்டிக்கொண்ட குழந்தை முன்சீட்டுக்குத் தாவி வந்துவிட்டால் வெளியே வந்துவிடலாம். 2019 ஜூலை 1-லிருந்து வருகிற புதுக் கார்களில் சென்டர் லாக்கை ஆபத்தில் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறது. உன் பழைய காருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதற்காக நாம் அதை விட்டுவிட முடியுமா?

தானாகப் பூட்டிக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிட்டில் அதற்குத் தனி வயர் இருந்தது. நான் மாட்டாமல் மடித்துக் கட்டிவிட்டேன். ரிமோட்டால் திறந்து 30 வினாடிக்குள் கதவு எதுவும் திறக்காவிட்டால் திரும்பத் தானே பூட்டிக்கொள்கிற வசதியும் இருந்தது, அதையும் நிறுத்திவிட்டேன். கதவு திறந்ததா என்பதைக் கதவோரத்துப் பட்டன் சுவிட்ச் சொல்ல வேண்டும். நம் உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பதே அதுதான். நீ கதவைத் திறந்து பிள்ளையை உட்காரவைத்து, சாவியை சீட்டில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் சுற்றி வருவதற்குள், கதவே திறக்கவில்லை என்று நினைத்து அது பூட்டிக்கொண்டால்? குழந்தை உள்ளே, சாவி உள்ளே, நீ வெளியே. அதற்குப் பதிலாக ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். ஏறியதும் பெல்ட் போடு, அடுத்து அந்தப் பட்டனை அமுக்கு, பிறகு கியர் போடு. ஒரு வாரத்தில் கை தானாக அங்கே போகும். சிக்னலில் எவன் வந்து கைப்பிடியை இழுத்தாலும் திறக்காது. நீ பயந்த பயத்துக்கு அது போதும்.

ரிமோட் வந்துவிட்டது என்று சாவியை மறந்துவிடாதே. எத்தனையோ பேர் அப்படித்தான், வருஷக்கணக்காகச் சாவித்துளையைத் தொடவே மாட்டார்கள். ரிமோட் பேட்டரி தீர்ந்த அன்று சாவியை விட்டால் திரும்பாது. அப்பா உப்பளத்துக் கொட்டகைப் பூட்டுக்குப் பழைய டியூப் ரப்பரை வெட்டி மறைப்புத் தொங்கவிட்டு, பூட்டத் தேவையில்லாத நாளில்கூடச் சாயங்காலம் ஒரு தடவை பூட்டித் திறந்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். நாம் இருவரும் பசியோடு நின்று "சீக்கிரம் வாப்பா" என்று கத்துவோமே. இத்தனை வருஷம் உப்புக்குள் கிடந்தும் அந்தப் பூட்டு இன்றைக்கும் திரும்புகிறது, பரணில் இருக்கிறது. வாரம் ஒரு தடவையாவது சாவி போட்டுக் கதவைத் திற. துளைக்குள் எண்ணெய் விடாதே, தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். கிராஃபைட் பொடி போட்டிருக்கிறேன். மிச்சத்தை ஒரு டப்பியில் வைத்திருக்கிறேன், எடுத்துப் போ.

மழை வரப்போகிறது. வானிலை அறிவிப்பு வந்தாலே உங்கள் ஊரில் கார்களெல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டிவிடும் என்று டிவியில் காட்டுகிறார்கள். நீயும் நேரத்தோடு ஏற்றிவிடு. தண்ணீர் நிற்கிற சுரங்கப்பாதையில் எவன் முன்னால் போனாலும் நீ இறங்காதே. எங்கேயாவது வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துக்கொண்டு உட்காராதே. முதலில் லாக்கைக் கையால் எடு, கண்ணாடியை இறக்கு, பிள்ளைகளை வெளியே எடு. வெளியே தண்ணீர் ஏற ஏறக் கதவைத் தள்ளவே முடியாது. பவர் விண்டோவும் போட்டுவிடலாமா என்று கேட்டாயே, வேண்டாம். கையால் சுற்றுகிற கண்ணாடி தண்ணீரிலும் இறங்கும்.

இங்கே உப்பு வாருகிற வேலை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர்தான், அதற்குள் வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூட வேண்டும் என்று ஆட்கள் விடியுமுன்னே அளத்துக்குப் போகிறார்கள். 2020-இல் நிவர் புயல் நம் ஊரை ஒட்டியே கரையேறியது, போன நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். அளமெல்லாம் கடலோடு கடலாகக் கிடந்ததை நினைத்து இப்போதே எல்லோருக்கும் பயம். லாரிக்காரர்கள் மழைக்கு முன் லோடு அடிக்க வேண்டும் என்று வண்டியை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எனக்கு வேலைக்குக் குறைவில்லை. அம்மாவுக்கு முட்டிவலிதான் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் "பாப்பா வரட்டும், அவ பார்த்துச் சொல்லட்டும்" என்கிறாள். நர்ஸ் மகள் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்பது அவள் எண்ணம்.

கிட்டு வாங்கிய காசுக்கு மேல் எதற்கு அனுப்பினாய்? தங்கச்சி காருக்கு வேலை செய்து கூலி வாங்குகிற அளவுக்கு நான் ஆகிவிட்டேனா? மிச்சத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், போனைப் பார். மறுபடியும் அனுப்பினால் அண்ணியை விட்டுப் பேசச் சொல்வேன். அவள் பேச்சு உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆர் பஸ்ஸில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. சனிக்கிழமை டியூட்டி முடித்த கையோடு ராத்திரியில் கிளம்பாதே, தூங்கி எழுந்து வா. வீட்டில் இருக்கிற இன்னொரு சாவியையும் எடுத்து வா. அதுவும் எல்லாப் பூட்டிலும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் காரைப் புளியமரத்து நிழலில் நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, பெரியவனையும் சின்னக்குட்டியையும் பின்சீட்டில் உட்காரவைத்து நான் வெளியிலிருந்து பூட்டப்போகிறேன். முன்சீட்டுக்குத் தாவி வர வேண்டும், ஹாரனை விடாமல் அடிக்க வேண்டும், லாக்கை எடுத்துக் கதவைத் திறந்து இறங்க வேண்டும். ஹாரன் சாவி போடாமலே அடிக்கிறது, பார்த்துவிட்டேன். பெரியவன் உடனே பிடித்துக்கொள்வான். சின்னக்குட்டியின் விரலுக்கு அந்த லாக்கு நகர்கிறதா என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும். நகராவிட்டால் மறுபடி டோர் பேடைக் கழற்றி இன்னும் இளக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை அனுப்புவேன். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு வா.

உன் அண்ணன்